தீபாவளி விருந்தை வீடற்றவர்களோடு பகிர்ந்துண்ண: கோலாலம்பூரில் ஐந்து வழிகள், எது யாருக்கு ஏற்றது?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடுகிறது. "வீட்டிலேயே நூறு பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? ஏதாவது அமைப்போடு சேர்ந்துகொள்வது நல்லதா? கோயிலில் அன்னதானத்துக்குப் பணம் கட்டிவிட்டால் போதாதா?" கேட்பவர்கள் எல்லாருமே நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் யாரோ ஒருவர் சாப்பிடப் போகிறார் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வழியிலும் அந்தச் சாப்பாடு போய்ச் சேரும் ஆள் வேறு. கொடுக்கிறவர் சுமக்கிற சுமையும் வேறு. கோலாலம்பூர்த் தெருக்களில் சில ஆண்டுகளாக உணவு பரிமாறி வருகிறவன் என்ற முறையில், நான் பார்த்ததை வைத்து இந்த ஐந்து வழிகளையும் எடைபோட்டுச் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல், சாப்பாடு பசித்தவரைச் சேருகிறதா என்பது. பண்டிகை வாரத்துச் சனிக்கிழமை இரவில் கோத்தா ராயா, பசார் செனி பக்கம் போய் நின்று பாருங்கள். ஒரு வண்டி போனதும் அடுத்த வண்டி வந்து நிற்கும். ஒரே ஆளின் பைக்குள் நான்கைந்து பொட்டலங்கள் இருக்கும். கடைசியாக வந்தவை பிரிக்கப்படாமலே நடைபாதை ஓரத்தில் கிடக்கும். அடுத்த புதன்கிழமை அதே இடத்தில் ஒரு வண்டியும் இருக்காது. ஆகவே எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் தெருவில் கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். தெருவில் படுப்பவர்களில் பலர் பகலில் வேலை பார்க்கிறவர்கள்: உணவகத்தில் தட்டு கழுவுகிறார்கள், காவல் பணி செய்கிறார்கள், சரக்கு இறக்குகிறார்கள். மதியம் தேடினால் அவர்களைப் பார்க்க முடியாது.

இரண்டாவது, அது பகிர்ந்துண்ணலா, வெறும் வழங்கலா? பண்டிகை நாளில் ஒருவருக்கு இல்லாமல் போவது சோறு மட்டும் அன்று. எதிரில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா?" என்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் போகிறார். என் அளவில் இதுதான் மற்ற எல்லா அளவுகோல்களையும்விடப் பெரியது. இந்தக் கட்டுரையின் சாய்வும் அந்தப் பக்கம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது உணவுப் பாதுகாப்பு. நான்காவது உங்கள் பணமும் நேரமும் உடல் வலுவும். ஐந்தாவது, நீங்கள் வீடு திரும்பிய பிறகு அங்கே ஏதாவது தொடர்கிறதா என்பது.

## வழி 1: ஏற்கெனவே இயங்கும் அமைப்போடு சேர்வது

ஜாலான் இம்பியை ஒட்டிய ஜாலான் பாராட்டில் இருக்கும் கெச்சாரா, வண்டியில் உணவு கொண்டுபோகும் பெர்த்திவி போன்ற அமைப்புகள் இந்த நகரில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகின்றன. எந்தத் தெருவில் யார் படுக்கிறார், யாருக்கு இனிப்பு நீர், யாருடைய காலில் புண் ஆறவில்லை என்பதெல்லாம் அவர்களுடைய தன்னார்வலர்களுக்குத் தெரியும். இந்த வழியின் உண்மையான மதிப்பு அந்த அறிவுதான். புதிதாக வருகிறவர் அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

நகரின் நடைமுறையும் அவர்களுக்குத் தெரியும். 2014-இல் அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான், புக்கிட் பிந்தாங் லாட் 10 கடைத்தொகுதியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு வழங்கக் கூடாது என்று அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகு பேச்சு, உணவு வழங்குவதற்கென்று இடம் ஒதுக்கும் திசைக்குத் திரும்பியது. மேடான் துவாங்குவில் உள்ள மையம் அப்படி வந்ததுதான். எங்கே வண்டியை நிறுத்தலாம், எங்கே மாநகர் மன்ற அதிகாரிகள் வந்து கேட்பார்கள் என்பதை அமைப்புகள் அனுபவத்தில் அறிந்து வைத்திருக்கின்றன.

மறைந்திருக்கும் செலவு என்ன? தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆள் நிரம்பி வழியும். நீங்கள் ஆசையோடு போவீர்கள். உங்களுக்குக் கிடைப்பது வாழைப்பழத்தைப் பைக்குள் போடும் வேலையாக இருக்கும். தெருவில் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசக்கூட வாய்க்காமல் இரவு முடிந்துவிடலாம். இது மனத்தைச் சற்று வாட்டும். அதே அமைப்பில் பண்டிகை நாளன்றும் அதற்கடுத்த இரண்டு நாள்களும் தமிழ் பேசும் ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள், நாமெல்லாம் உறவினர் வீடுகளுக்குப் போய்விடுவதால். தமிழ் மட்டும் பேசத் தெரிந்த ஒரு பெரியவர் அந்த நாள்களில் யாரிடம் தம் வலியைச் சொல்வார்?

முதன்முறையாக இறங்குகிறவர்கள், இளைஞர்கள், தனியாக வரும் பெண்கள் எல்லாருக்கும் இதுவே சரியான வாசல். முந்தைய வாரத்தை விட்டுவிட்டுப் பிந்தைய வாரத்துக்குப் பெயர் கொடுங்கள்.

## வழி 2: வீட்டில் சமைத்து நாமே கொண்டுபோய்க் கொடுப்பது

பெரும்பாலானவர்களின் மனம் இதைத்தான் நாடுகிறது. நம் கையால் சமைத்தது, நம் பிள்ளைகள் பொட்டலம் கட்டியது என்ற நிறைவு வேறு எதிலும் வராது. அந்த நிறைவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் ஐந்து வழிகளில் அதிகம் தவறக்கூடியது இதுதான்.

முதலில் நேரக் கணக்கு. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்லிக்கொண்டே இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குச் சோறு வடித்து, மூன்றரைக்குக் கட்டி முடித்து, பண்டிகை நெரிசலில் கிள்ளானிலிருந்தோ காஜாங்கிலிருந்தோ வண்டியை ஓட்டிவந்து, எட்டரைக்குக் கொடுக்கத் தொடங்கினால் அந்த நான்கு மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. வாங்குகிறவர் உடனே சாப்பிடுவார் என்றும் சொல்ல முடியாது. காலைக்கு என்று எடுத்து வைப்பார். வடித்த சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. தெருவில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது நம் வீட்டில் வருவது போன்றதன்று. கட்டணக் கழிப்பறைகள் பலவும் இரவில் மூடிவிடும். பெண்கள் சிலர் அதற்காகவே மாலைக்குமேல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஆகவே தேங்காய்ப்பால் சேர்த்த எதுவும் வேண்டாம். குழம்பு ஊற்றிய சோறு, தயிர்ச் சாதம் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் நம் முன்னோர் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போனவை. அவை சற்றுத் தாங்கும். அப்போதும் சமைத்த நேரத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதி ஒட்டுங்கள். உணவு நன்கொடை தருகிறவர்களைக் காக்க 2020-இல் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. உணவு நம் கையைவிட்டுப் போகும்போது உண்ணத் தகுந்ததாக இருந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அலட்சியத்துக்கு அது குடை பிடிக்காது.

பிறகு, பொட்டலத்தைப் பிரிக்கிற நிமிடத்தை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ரப்பர் வளையம் இறுக்கிய நெகிழிப் பையில் சாம்பார். அதை ஊற்றிக்கொள்ளக் கிண்ணம் இல்லை. கை கழுவத் தண்ணீர் இல்லை. பகல் முழுவதும் குப்பையைக் கிளறிய கை அது. கரண்டி இல்லை. விளக்குக் கம்பத்தின் கீழ் அந்த முடிச்சைப் பல்லால் கடித்துப் பிரிக்க முயல்கிறவருக்கு முன்பற்களே இல்லை. அவருக்கு நாம் முறுக்கும் அதிரசமும் வேறு தருகிறோம். ஒரு கரண்டி, ஈரத்தாள் ஒன்று, சின்னத் தண்ணீர்ப் போத்தல், மென்மையான பலகாரம் ஆகியவற்றைச் சேர்த்தால் செலவு ஒன்றிரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடும். அதைக் கூட்டுவதற்காகப் பொட்டல எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தால் தயங்காமல் குறையுங்கள். வெள்ளை நுரைப்பெட்டி வேண்டாம். கூட்டரசுப் பிரதேசங்களில் 2017 முதல் அதற்குத் தடை.

சைவமாகச் சமைப்பது நல்லது. வரிசையில் மலாய்க்காரர், சீனர், நம்மவர், மியன்மார் அகதிகள் எல்லாரும் இருப்பார்கள். சைவம் என்றாலும் ஹலால் சமையலறையில் ஆக்கியதா என்று கேட்டுவிட்டு ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) மறுக்கலாம். அது அவருடைய உரிமை. முகம் சுளிக்காமல் அவரிடம் இரண்டு வாழைப்பழம் கொடுங்கள்.

யாருக்கு இது ஏற்றது? நகரத்துக்குள்ளேயே, கொடுக்கும் இடத்திலிருந்து அரை மணித் தூரத்தில் வசிக்கும், பெரிய அளவில் சமைத்துப் பழகிய குடும்பத்துக்கு. தங்கள் வீட்டருகே வழக்கமாகப் பார்க்கும் நாலைந்து பேருக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கும் இது மிகப் பொருத்தம். அறிமுகம் இல்லாத நூறு பேரைவிடப் பெயர் தெரிந்த நான்கு பேர் மேல்.

## வழி 3: கோயில் அன்னதானத்துக்குக் கட்டுவது

எளிதான வழி, செலவும் தெளிவானது. கோயில் சமையலறை பெரிய அளவில் சமைத்துப் பழகியது, சூடாகப் பரிமாறுவார்கள். 1873-இல் தோன்றிய ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கோத்தா ராயாவுக்கு நடந்தே போய்விடலாம். தூரத்தைப் பார்த்தால் இதைவிட வசதியான இடம் இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. பட்டுப்புடவையும் புது வேட்டியுமாகக் கூட்டம் நிற்கும் பண்டிகைக் காலையில், மூன்று நாளாகக் குளிக்காத ஒருவர் அந்த வாசலைத் தாண்டி வருவாரா? யாரும் விரட்டாவிட்டாலும் வரமாட்டார். "குளிக்காமல் எப்படித் தம்பி கோயிலுக்குள்ள வர்றது?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டிருக்கிறார். தீபாவளியன்று அவர் கேட்டது எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஓர் இடம். சாப்பாட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. மற்ற மதத்தவரும் உள்ளே வருவது அரிது. ஆகவே கோயில் அன்னதானம் புண்ணியம்தான். ஆனால் வீடற்றவர்களுக்குத்தான் என்று நினைத்துக் கட்டினால் அது பெரும்பாலும் பக்தர்களுக்கே போகும்.

சவ்கிட் பக்கத்து ஜாலான் ராஜா அலாங்கில் உள்ள தாட் கால்சா குருத்துவாராவில், அதாவது சீக்கியர் கோயிலில், எல்லாருக்கும் இலவசமாக நடக்கும் லங்கர் பந்தியைப் பார்த்தவர்களுக்கு, வழிபாட்டு இடத்தில் எல்லாரும் ஒரே தரையில் உட்கார்ந்து உண்ண முடியும் என்பது தெரியும். நம் கோயில் நிர்வாகத்தில் உங்கள் சொல் எடுபடும் என்றால், பணம் கட்டுவதோடு நிற்காமல் வாசலுக்கு வெளியே தனிப் பந்தலும், கை கால் கழுவக் குழாயும் கேளுங்கள். அப்போது இந்த வழியின் மதிப்பே மாறிவிடும்.

## வழி 4: உணவகத்தில் உட்கார வைத்துப் பந்தி

குறைவாகச் செய்யப்படுவது இது. என் விருப்பமும் இதுதான்.

பத்துப் பதினைந்து பேர், ஒரு வாழையிலை உணவகம், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கூட்டம் தணிந்த நேரம். சைவ இலைச் சாப்பாடு இப்போது நகரில் ஏறத்தாழ 10 முதல் 15 வெள்ளி. பதினைந்து விருந்தினரும் உங்கள் வீட்டார் ஐந்து பேரும் உட்கார்ந்தால் முந்நூறு வெள்ளிக்குள் முடியும். வீட்டில் கட்டும் நூறு பொட்டலத்துக்கு, கரண்டி தண்ணீரோடு சேர்த்தால், என் கணக்கில் அறுநூறு எழுநூறு ஆகிவிடும். தலை எண்ணிக்கை குறைவுதான். ஆனால் இங்கே சோறு சூடாக இருக்கிறது, கை கழுவத் தண்ணீர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, மேலே காற்றாடி சுற்றுகிறது. உட்கார்ந்தவர் தமக்கு வேண்டியதைத் தாமே கேட்கிறார்.

அந்தக் கேட்டல் பெரிய விஷயம். அப்படி ஒரு பந்தியில், எனக்கு எதிரில் உட்கார்ந்த ஒருவர் முதலில் இலையைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் அப்பளத்தை நொறுக்கிப் பிசையத் தொடங்கியதும்தான் இவரும் கை வைத்தார். சிறிது நேரத்தில் பரிமாறுகிறவரைத் தாமே கூப்பிட்டு, "ரசம் இன்னும் கொஞ்சம், சூடா இருந்தா" என்றார். பிறகு மறுமுறையும் கேட்டார். சாப்பிட்டு முடித்து இலையைத் தம் பக்கமாக மடித்துவிட்டு, ஒரு காலத்தில் தோட்டத்துக் கல்யாணங்களுக்குச் சமைத்ததைப் பற்றியும், ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எந்தப் பதத்தில் வேண்டும் என்பதைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். தெருவில் பொட்டலம் நீட்டும்போது இந்தப் பேச்சு நடக்காது. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

மறைந்திருக்கும் சுமைகள் உண்டு. உணவக உரிமையாளரிடம் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேச வேண்டும். சிலர் மறுப்பார்கள், சிலர் பின்கட்டில் உட்காரச் சொல்வார்கள். பின்கட்டு என்றால் வேறு கடை பாருங்கள். விருந்தினரின் உடைமை முழுவதும் இரண்டு மூன்று பைகளில் இருக்கும். அதை வெளியே விட்டுவரச் சொன்னால் வரமாட்டார்கள்; கண் முன்னே வைக்க இடம் வேண்டும். கடை அவர்கள் நடந்து வரக்கூடிய தூரத்தில், மஸ்ஜிட் ஜாமெக் அல்லது மஸ்ஜிட் இந்தியா சுற்றுவட்டத்தில் இருப்பது நல்லது. யாரை அழைப்பது என்பதில் நீங்களே முடிவெடுக்காதீர்கள். தெருவை அறிந்த ஓர் அமைப்பின் ஆள் உடன் இருந்தால் குடிபோதைச் சிக்கல், பழைய பகை போன்றவை முன்பே தெரியவரும். அழைத்தவர்களில் சிலர் வரமாட்டார்கள், வேறு சிலர் நண்பரோடு வருவார்கள். இரண்டு மூன்று இலை கூடுதலாகச் சொல்லி வையுங்கள்.

உங்கள் குடும்பத்தார் எழுந்து நின்று பரிமாறிக்கொண்டிருக்கக் கூடாது. கலந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பரிமாறக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஓரிரு முறை தெருவுக்குப் போய்ப் பழகியவர்கள், சிறிய குழுவாக இருக்கும் உறவினர்கள், அலுவலக நண்பர்கள் ஆகியோருக்கு இது ஏற்றது. முதல் முறையே இதை முயல வேண்டாம்.

## வழி 5: பணமாகக் கொடுப்பது

நேரமே இல்லாதவர்களுக்கும், கைக்குழந்தையோ நோயாளியோ வீட்டில் உள்ளவர்களுக்கும் இதில் கூச்சம் வேண்டாம். அரிசி விலையும் எரிவாயுச் செலவும் அமைப்புகளுக்கு ஆண்டு முழுவதும் உண்டு. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பா என்று கேட்டு ரசீது வாங்கினால், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு கோரலாம். பண்டிகை மாதத்தில் மொத்தமாகக் கொடுப்பதைவிட மாதம் 30 வெள்ளி என்று நிலையாகக் கொடுப்பது அவர்களுக்கு உதவும். எத்தனை பேருக்குச் சமைப்பது என்று முன்கூட்டித் திட்டமிட முடியும். பகிர்ந்துண்ணல் மட்டும் இதில் இல்லை.

## பக்கத்தில் பக்கமாக

| வழி | யாரைச் சேரும் | சேர்ந்து உண்ணல் | உங்கள் செலவு | மறைந்திருக்கும் சுமை |
|---|---|---|---|---|
| அமைப்போடு சேர்தல் | தெருவில் இருப்பவர்களை, சரியாக | சிறிதளவு | ஒரு மாலைப் பொழுது | பண்டிகைக்கு முன் ஆள் மிகுதி, பேச நேரமின்மை |
| வீட்டுச் சமையல் | நாளையும் இடத்தையும் பொறுத்தது | இல்லை என்றே சொல்லலாம் | 100 பேருக்கு 600–700 வெள்ளி, ஒரு முழு நாள் | கெட்டுப்போகும் ஆபத்து, வீணாதல் |
| கோயில் அன்னதானம் | பெரும்பாலும் பக்தர்களை | உண்டு, ஆனால் வேறு கூட்டத்தோடு | விருப்பப்படி | வீடற்றவர்கள் உள்ளே வரத் தயங்குவது |
| உணவகப் பந்தி | 10–15 பேரை, நிச்சயமாக | முழுமையாக | ஏறத்தாழ 300 வெள்ளி | முன்னேற்பாடு, கடைக்காரரின் சம்மதம் |
| பணம் | ஆண்டு முழுவதும் பலரை | இல்லை | உங்கள் வசதி | அமைப்பை விசாரித்துத் தெரிந்துகொள்வது |

## தேர்ந்தெடுக்கும் முன் இன்னும் சில

குழந்தைகளை அழைத்து வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரவுத் தெருவுக்கு வேண்டாம். உணவகப் பந்திக்குத் தாராளமாக. பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து "தாத்தா, உங்களுக்குப் பாயசம் பிடிக்குமா?" என்று கேட்பதைப் பெரியவர்கள் விரும்புகிறார்கள். "ஏன் உங்களுக்கு வீடு இல்லை?" என்ற கேள்வியை மட்டும் முன்பே பேசித் தவிர்த்துவிடுங்கள்.

படம் எடுக்காதீர்கள். எந்த வழியானாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டத்தின்படி, தெருவில் இருப்பவரை அதிகாரிகள் அழைத்துச்சென்று இல்லத்தில் சேர்க்க முடியும். நீதிமன்றம் அங்கே மூன்று ஆண்டு வரைகூடத் தங்க வைக்கலாம். கேமராவைக் கண்டதும் சிலர் எழுந்து போய்விடுவதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். தாம் எப்படி இருக்கிறோம் என்பதைச் சொந்த மகளுக்குக்கூடத் தெரியவிடாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் முகநூல் பக்கம் வழியாக அவள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

புத்தாடை கொடுக்க நினைப்பவர்கள் வேட்டி, சட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் தேவைப்படுவது புது உள்ளாடை, துண்டு, செருப்பு. செருப்பின் அளவைக் கேட்டு வாங்குங்கள். சவர்க்காரமும் சின்னப் புட்டியில் நல்லெண்ணெயும் சேர்த்துக் கொடுத்தால், குளிக்க இடம் கிடைக்கும் அன்று அது அவருக்குத் தீபாவளி.

என்னிடம் நேராகக் கேட்டால்: இந்த ஆண்டு முதல்முறை என்றால் வழி 1, தீபாவளி முடிந்த அடுத்த வாரத்தில். அமைப்பை அழைக்கும்போது மூன்று கேள்விகள் போதும்: எந்தக் கிழமைகளில் உங்களுக்கு ஆள் குறைகிறது? தமிழ் பேசுகிறவர் தேவைப்படும் தெரு எது? சமைத்ததைத் தவிர வேறென்ன வாங்கி வரலாம்? அடுத்த ஆண்டு, அதற்குள் பழகிய முகங்கள் பத்து இருக்கும். அவர்களை அழைத்து ஓர் இலைச் சாப்பாடு போடுங்கள். உணவகத்தோடு தேதி பேச, தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே போய்விடுவது நல்லது. அதற்குப் பிறகு பெரும்பாலான கடைகள் பலகார ஆர்டரில் மூழ்கிவிடுகின்றன.